இருபது ஆண்டுகள் மாறாத ஒரு வெள்ளிக்காசு

ரோமப் பேரரசர் டைபீரியஸ் கிபி 14 முதல் 37 வரை ஆண்டார். ஆட்சியின் தொடக்கத்தில், நான்கு குதிரைகள் பூட்டிய தேரைக் காட்டும் டெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு சிறிது காலம் வெளிவந்தது. அதற்குப் பிறகு அவர் இறக்கும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அவருடைய வெள்ளிக்காசு ஒரே வடிவத்தில்தான் அடிக்கப்பட்டது. ஒரு பக்கத்தில் இலைமுடி சூடிய அவருடைய தலை. மறுபக்கத்தில் இருக்கையில் அமர்ந்த ஒரு பெண். தங்கக் காசிலும் இதே உருவங்களே இடம்பெற்றன. வெற்றி, திருமணம், மகப்பேறு, கட்டடத் திறப்பு என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிய காசு அடித்துத் தம் பெருமையை நாடெங்கும் அனுப்பிய ரோம ஆட்சியாளர்களின் வரிசையில் இது மிகவும் விந்தையான செய்தி. நாணயம் சேர்ப்பவர்கள் பலர் இதை அலுப்பூட்டும் காசு என்று ஒதுக்கிவிடுவதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. டைபீரியஸைப் பற்றி அவருக்குப் பின்வந்த வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்த பக்கங்களைவிட, இந்தக் காசின் பிடிவாதமான மாறாமை அவரை நமக்குச் சரியாகக் காட்டுகிறது என்பது என் கருத்து.

முதலில் காசையே பார்க்கலாம். குறுக்களவு சுமார் 18 மில்லிமீட்டர், எடை 3.7 கிராம் அளவில் இருக்கும். வெள்ளியின் தூய்மை 97 விழுக்காட்டுக்கும் மேல். முகப்பில் உள்ள தலை வலப்பக்கம் நோக்கியது. நெற்றி அகலமானது, மூக்கு சற்றே வளைந்து நீண்டது, உதடுகள் இறுக மூடியவை. இலைமுடியைக் கட்டிய நாடாவின் இரண்டு நுனிகளும் கழுத்தின் பின்னால் தொங்குகின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், அந்த நாடாவுக்கு அருகில் தலைமுடி பிடரியின் மேல் தழைந்து இறங்கியிருப்பதைக் காணலாம். இது அச்சு வெட்டியவரின் கற்பனை அன்று. டைபீரியஸ் பின்கழுத்தை மறைக்கும்படி முடியை நீள வளர்த்திருந்தார் என்றும், அது அவருடைய குடும்ப வழக்கமாகத் தோன்றியது என்றும் ரோம வரலாற்றாசிரியர் சூடோனியஸ் எழுதியிருக்கிறார். நிமிர்ந்த விறைத்த கழுத்தோடு நடப்பவர், முகம் பெரும்பாலும் இறுகியிருக்கும், அதிகம் பேசமாட்டார் என்றும் அதே இடத்தில் சொல்கிறார். நூலில் உள்ள இந்த வருணனையும் காசில் உள்ள முகமும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதைக் காணும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பு ஏற்படுகிறது.

தலையைச் சுற்றி, சொற்களுக்கு நடுவே இடைவெளியின்றி, சுருக்கெழுத்தாக ஓர் இலத்தீன் வாசகம் ஓடுகிறது. 'டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ், தெய்வமான அகஸ்டஸின் மகன்' என்பது அதன் பொருள். பின்பக்கத்தில் இன்னும் சுருக்கமாக, 'தலைமைக் குரு' என்ற பொருளில் இரண்டே சொற்கள் உள்ளன. கிபி 15 மார்ச் மாதத்தில் ரோமின் தலைமைக் குருவாக அவர் பொறுப்பேற்றார். அந்தச் சொற்களுக்கு நடுவே அமர்ந்திருக்கும் பெண் ஒரு கையில் நீண்ட கோலையும், மற்றொரு கையில் இலைக்கொம்பையும் பிடித்திருக்கிறாள். அமைதியின் தெய்வம் என்று சிலரும், அந்தத் தெய்வத்தின் வடிவில் பேரரசரின் தாய் லிவியா என்று சிலரும் கொள்கிறார்கள். டைபீரியஸுக்கு முன் ஆண்ட முதல் பேரரசர் அகஸ்டஸின் கடைசி ஆண்டுகளில் வெளிவந்த காசுகளிலும் இதே பெண் இப்படியே அமர்ந்திருக்கிறாள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அதாவது, டைபீரியஸ் புதிதாக எதையும் உருவாக்கவில்லை. முன்னவர் விட்டுச்சென்றதை எடுத்துக்கொண்டு அதிலேயே நின்றுவிட்டார்.

வடிவம் மாறவில்லை என்றாலும் நுணுக்கங்கள் மாறின. இருக்கையின் கால்கள் சில காசுகளில் வெறும் கம்பிகளாக இருக்கும். சிலவற்றில் கடைந்தெடுத்த அலங்காரத்தோடு இருக்கும். பெண்ணின் காலடியில் சிலவற்றில் ஒரு கோடு, சிலவற்றில் இரண்டு கோடுகள், சிலவற்றில் சிறு மேடை. கையில் உள்ள கோல் சிலவற்றில் தலைகீழாகப் பிடித்த ஈட்டி. ஆண்டு குறிக்கப்படாத இந்தக் காசுகளை எது முன்னே, எது பின்னே என்று வரிசைப்படுத்த நாணயவியலாளர்களுக்கு உள்ள பிடிமானம் இந்த இருக்கைக் கால்களும் அடிக்கோடுகளும்தாம். முகத்தை அவர்கள் நம்ப முடியாது, ஏனென்றால் அந்த முகத்துக்குப் பெரிதாக வயதாவதே இல்லை. ஆட்சிக்கு வந்தபோது டைபீரியஸுக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது, இறந்தபோது எழுபத்தேழு. காசில் உள்ளவரோ ஏறக்குறைய ஒரே வயதில் நின்றுவிட்டார்.

அந்த வாசகத்தில் வரும் 'மகன்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட துன்பக் கதை இருக்கிறது. டைபீரியஸ் அகஸ்டஸுக்குப் பிறந்தவர் அல்லர். கிமு 42ஆம் ஆண்டில் டைபீரியஸ் கிளாடியஸ் நீரோ என்பவருக்கும் லிவியாவுக்கும் பிறந்தவர். லிவியா இரண்டாவது குழந்தையைக் கருவில் சுமந்திருந்த நிலையிலேயே, கிமு 38இல், அவரை அகஸ்டஸ் மணந்துகொண்டார். டைபீரியஸ் வளர்ந்து, தளபதி அக்ரிப்பாவின் மகள் விப்சானியாவை மணந்து நிறைவாக வாழ்ந்தார். அக்ரிப்பா இறந்ததும் அவருடைய மனைவியும் அகஸ்டஸின் ஒரே மகளுமான ஜூலியா கைம்பெண்ணானார். விப்சானியாவை விலக்கிவிட்டு ஜூலியாவை மணக்குமாறு டைபீரியஸ் வற்புறுத்தப்பட்டார். அப்போது விப்சானியா மறுபடியும் கருவுற்றிருந்தார். அதன்பிறகு ஒருநாள் தற்செயலாக விப்சானியாவைக் கண்ட டைபீரியஸ் கண்ணீரோடு அவரையே பார்த்துக்கொண்டு பின்தொடர்ந்ததாகவும், இனி அவர் கண்ணில் அந்தப் பெண் படாதபடி கவனம் எடுக்கப்பட்டதாகவும் சூடோனியஸ் குறிப்பிடுகிறார். டைபீரியஸிடம் சற்றும் இரக்கம் காட்டாத நூலில் இந்தச் செய்தி வருவதால் இதற்கு நான் கூடுதல் மதிப்பு கொடுக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் அவர் வாரிசாகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அகஸ்டஸ் தம் பேரன்கள் கையஸையும் லூசியஸையும் தத்தெடுத்து, அவர்கள் இருவரும் கேடயங்களோடு நிற்கும் டெனாரியஸ் காசைப் பெருமளவில் அடித்து வெளியிட்டார். அந்த ஆண்டுகளில் டைபீரியஸ் எல்லாவற்றையும் விட்டு விலகி, ரோட்ஸ் தீவில் கிமு 6 முதல் கிபி 2 வரை இருந்தார். லூசியஸ் கிபி 2இலும் கையஸ் கிபி 4இலும் இறந்துபோக, வேறு வழியின்றி அகஸ்டஸ் டைபீரியஸைத் தத்தெடுத்தார். அகஸ்டஸின் உயில், 'கொடிய விதி என் மகன்கள் கையஸையும் லூசியஸையும் பறித்துக்கொண்டமையால்' டைபீரியஸை வாரிசாக்குகிறேன் என்ற பொருளில் தொடங்கியது. ஆட்சிமன்றத்தில் (செனட்) உரக்க வாசிக்கப்பட்ட வரி அது. ஐம்பது வயது கடந்த ஒரு மனிதர், எல்லோர் முன்னிலையிலும், தாம் கடைசித் தேர்வு என்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் தம் காசுகளில் 'அகஸ்டஸின் மகன்' என்றே பொறிக்கச் செய்தார். அவருடைய அதிகாரம் முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் நின்றது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

பட்டங்களில் அவருக்கு நாட்டம் இருக்கவில்லை. 'நாட்டின் தந்தை' என்ற பட்டத்தை ஆட்சிமன்றம் கொடுக்க முன்வந்தும் ஏற்கவில்லை. தாய் லிவியா பெற்றிருந்த 'ஜூலியா' என்ற புதிய குடும்பப் பெயரைக் குறித்து, அவருடைய பெயரோடு 'ஜூலியாவின் மகன்' என்று சேர்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தபோது அதையும் மறுத்தார். ஒரு மாதத்துக்கு அவர் பெயரைச் சூட்டலாம் என்று சிலர் முன்மொழிந்தார்கள். சீசர்கள் பதின்மூன்று பேர் ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டதாக வரலாற்றாசிரியர் டியோ காசியஸ் எழுதுகிறார். காசில் உள்ள வாசகம் இவ்வளவு சிக்கனமாக இருப்பதை இந்த மறுப்புகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்து வந்த பேரரசர்களின் காசுகளில் பட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வெறுமை உடனே கண்ணில் படும்.

இந்தக் காசு ஒரு மனிதனுடைய வாழ்வில் எவ்வளவு பெறுமானம் உள்ளதாக இருந்தது என்பதற்கு, அவருடைய ஆட்சியின் முதல் மாதங்களிலேயே விடை கிடைக்கிறது. அகஸ்டஸ் இறந்த செய்தி கேட்டதும் டான்யூப் ஆற்றை ஒட்டிய பன்னோனியா மாகாணத்தில் இருந்த மூன்று படையணிகள் கலகம் செய்தன. உடலும் உயிரும் நாளொன்றுக்குப் பத்து ஆஸ் என்றா மதிப்பிடப்படுகின்றன, அதிலேயே உடைக்கும் ஆயுதத்துக்கும் கூடாரத்துக்கும் செலவழிக்க வேண்டியிருக்கிறதே என்பது அவர்களுடைய முறையீடு. அவர்கள் கேட்டது நாளுக்கு ஒரு டெனாரியஸ். ஒரு டெனாரியஸ் என்பது பதினாறு செப்பு ஆஸ் காசுகளுக்குச் சமம். நான்கு செஸ்டர்ஸுக்கும் சமம். ஆண்டுக்கு 225 டெனாரியஸ் வாங்கிக்கொண்டிருந்த வீரனுக்கு நாளுக்கு ஒன்று என்பது பெரிய உயர்வு. அந்த உயர்வு கிடைக்கவில்லை. டைபீரியஸ் தம் மகன் துரூசஸை அனுப்பினார்; அங்கே நிகழ்ந்த நிலாமறைப்பைக் கண்டு வீரர்கள் அஞ்சிய தருணத்தைப் பயன்படுத்திக் கலகம் அடக்கப்பட்டது.

பணத்தில் அவர் இறுக்கமானவர் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. ஆனால் அந்த இறுக்கம் எப்படிப்பட்டது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மாகாணங்களில் வரியை உயர்த்தலாம் என்று ஆளுநர்கள் எழுதியபோது, நல்ல மேய்ப்பன் ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பான், தோலை உரிக்கமாட்டான் என்று அவர் பதில் எழுதினார். கிபி 17இல் சிறிய ஆசியாவில் ஒரே இரவில் பன்னிரண்டு நகரங்கள் நிலநடுக்கத்தில் இடிந்தன. அவற்றுள் மிகவும் பாதிக்கப்பட்ட சார்டிஸுக்கு 1 கோடி செஸ்டர்ஸ் கொடுத்து, ஐந்து ஆண்டுகளுக்கு வரியையும் தள்ளுபடி செய்தார். அந்த உதவியை நினைவுகூரும் செம்புக்கலவைக் காசு ஒன்று ரோமில் அடிக்கப்பட்டது. ரோமில் வெளியான சில்லறைக் காசுகளில் இத்தகைய வேறுபாடுகளுக்கு அவர் இடம் கொடுத்தார். வெள்ளியிலும் தங்கத்திலும் கொடுக்கவில்லை. அந்த வேறுபாடு தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. சில்லறை அந்தந்த நகரத்துச் சந்தைக்கு உரியது. வெள்ளியும் தங்கமும் எல்லை கடந்து போகிறவை, படைவீரனின் கையில் கூலியாக விழுகிறவை. அவற்றில் ஒருவன் எதிர்பார்ப்பது பழகிய முகத்தைத்தான்.

அந்த வெள்ளியும் தங்கமும் கால் (Gaul) என்ற நாட்டில், லுக்டுனம் என்ற நகரத்து அக்கசாலையில், அதாவது இன்றைய பிரான்சின் லியோனில், அடிக்கப்பட்டன என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பேரரசின் ஆட்சியாளர்கள் அங்கே பொன்னும் வெள்ளியும் அடிப்பதாகப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அக்கசாலையைக் காக்க அங்கே ஒரு நகரப்படைப் பிரிவே நிறுத்தப்பட்டிருந்ததைக் கல்வெட்டு ஒன்று காட்டுகிறது.

இனி கிபி 33ஆம் ஆண்டுக்கு வருகிறேன். இந்தக் காசைப் புரிந்துகொள்ள அதைவிட முக்கியமான ஆண்டு வேறில்லை. ரோமில் வட்டிக்குக் கொடுப்போர்மீது வழக்குகள் குவிந்தன. கடன் கொடுப்பதையும் இத்தாலியில் நிலம் வைத்திருப்பதையும் ஒழுங்குபடுத்தி ஜூலியஸ் சீசர் காலத்தில் இயற்றப்பட்ட பழைய சட்டம் ஒன்று இருந்தது; அதை எவரும் பின்பற்றவில்லை, ஆட்சிமன்ற உறுப்பினர்களே பின்பற்றவில்லை. எல்லோரும் கணக்கைச் சரிசெய்துகொள்ளப் பதினெட்டு மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. உடனே கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கடனைத் திருப்பிக் கேட்டார்கள். வாங்கியவர்கள் கையில் காசு இல்லை. தண்டிக்கப்பட்டவர்களின் சொத்துகள் விற்கப்பட்டு, அந்தப் பணமெல்லாம் கருவூலத்தில் முடங்கிக் கிடந்ததும் இந்தத் தட்டுப்பாட்டுக்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் சரியாகவே சுட்டிக்காட்டுகிறார். கடன் தொகையில் மூன்றில் இரண்டு பங்கை இத்தாலிய நிலத்தில் முதலிட வேண்டும் என்று ஆட்சிமன்றம் ஆணையிட்டது. நிலத்தின் விலை ஏறும் என்பது கணக்கு. ஆனால் பணம் வைத்திருந்தவர்கள் விலை இன்னும் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள், விற்க வேண்டியவர்கள் நாள்தோறும் கூடிக்கொண்டே போனார்கள், நிலம் அடிமாட்டு விலைக்கு வந்தது, குடும்பங்கள் சொத்தோடு மதிப்பையும் இழந்து தெருவுக்கு வந்தன.

அந்த நேரத்தில் டைபீரியஸ் 10 கோடி செஸ்டர்ஸை, அதாவது 2.5 கோடி டெனாரியஸ் பெறுமானத்தை, கடன் கொடுக்கும் நிலையங்களில் பிரித்து வைக்கச் செய்தார். மூன்று ஆண்டுகளுக்கு வட்டி கிடையாது. வாங்குகிறவர், வாங்கும் தொகையைப் போல இரண்டு மடங்கு மதிப்புள்ள நிலத்தை அரசுக்கு ஈடாகக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. சிறிது சிறிதாக நம்பிக்கை திரும்பி, தனியாரும் மீண்டும் கடன் கொடுக்கத் தொடங்கினார்கள். காசு தட்டுப்பாடான காலத்தில் அரசர்கள் வழக்கமாகச் செய்யும் வேலை ஒன்றுண்டு: வெள்ளியில் செம்பைக் கலந்து ஒன்றை ஒன்றரையாக்குவது. அதை அவர் செய்யவில்லை. முந்தைய ஆண்டுகளில் கஞ்சத்தனம் என்று ஏசப்பட்ட சேமிப்பு அன்றைக்குக் கைகொடுத்தது. நாணயத்தின் மாற்றும் குறையவில்லை, எடையும் குறையவில்லை. அவருடைய நூற்றுக்கணக்கான காசுகளில் எந்த ஒன்றை எடுத்துச் சோதித்தாலும் நல்ல வெள்ளியாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

அவரை நல்லவராக்கிக் காட்டுவது என் நோக்கம் அன்று. நிதி நெருக்கடியைத் தீர்த்த அதே ஆண்டில், ஸ்பெயினின் பெருஞ்செல்வர் செக்ஸ்டஸ் மாரியஸ் தார்ப்பேயப் பாறையிலிருந்து தள்ளிக் கொல்லப்பட்டார். அவருடைய பொற்சுரங்கங்களை டைபீரியஸ் தமக்கே எடுத்துக்கொண்டார். கிபி 26இல் ரோமை விட்டுக் கிளம்பிக் காப்ரித் தீவில் குடியேறியவர், பிறகு நகரத்துக்குள் காலடி வைக்கவே இல்லை. அவர் இல்லாத இடத்தில் காவற்படைத் தலைவர் செஜானஸ் ஆட்டிப்படைத்தார். கிபி 31 அக்டோபரில் செஜானஸ் வீழ்ந்தபின் அவரோடு தொடர்புடையவர்கள் வரிசையாகக் கொல்லப்பட்டார்கள், அவருடைய சிறு குழந்தைகள் உட்பட. அரசத் துரோக வழக்குகள் மனிதர்களின் மூச்சை அடக்கின.

அந்த வழக்குகளுக்கும் இந்தக் காசுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அகஸ்டஸின் உருவம் பொறித்த காசையோ மோதிரத்தையோ கழிப்பிடத்துக்கோ விலைமாதர் இல்லத்துக்கோ கொண்டுபோவதுகூட உயிர்த்தண்டனைக்குரிய குற்றமாகக் கொள்ளப்பட்டதாகச் சூடோனியஸ் எழுதுகிறார். மிகைப்படுத்துகிறார் என்று தள்ளிவிட எண்ணுகிறவர்கள், டைபீரியஸின் காலத்திலேயே வாழ்ந்த தத்துவஞானி செனெகா சொல்லும் நிகழ்ச்சியைப் படிக்க வேண்டும். பவுலஸ் என்ற முன்னாள் அதிகாரி ஒருவர் டைபீரியஸின் உருவம் செதுக்கிய மோதிரத்தை அணிந்து விருந்தில் இருந்தார். போதையில் அவர் சிறுநீர்க் கலத்தைக் கையில் எடுத்ததை மாரோ என்ற பேர்போன உளவாளி கவனித்துவிட்டார். ஆபத்தை உணர்ந்த பவுலஸின் அடிமை சட்டென்று மோதிரத்தை எசமானரின் விரலிலிருந்து உருவித் தன் விரலில் மாட்டிக்கொண்டான். மாரோ சாட்சிகளைக் கூப்பிட்டபோது அடிமை தன் கையைத் திறந்து காட்டினான். ஒரு முகம் எவ்வளவு அச்சத்தை உண்டாக்க முடியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சியம் வேண்டியதில்லை. அந்த முகம்தான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் பையிலும் இருந்தது. டாசிட்டஸின் வெறுப்பு இந்த அச்சத்தின் எதிரொலி. அதை நான் மதிக்கிறேன். ஆனால் டாசிட்டஸ் எழுதியது நிகழ்ச்சிகளுக்கு எண்பது ஆண்டுகள் கழித்து, டொமீஷியன் என்ற வேறொரு கொடுங்கோலருக்குக் கீழ் வாழ்ந்து மீண்ட அனுபவத்தோடு. டைபீரியஸுக்குக் கீழ்ப் போர்க்களத்தில் பணிசெய்த வெல்லேயஸ் பாட்டர்குலஸ் எழுதியதோ அளவுமீறிய புகழ்ச்சி. இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவில், எவரையும் வெறுக்காமலும் புகழாமலும் எடையில் நிற்கிற சாட்சி காசு ஒன்றுதான்.

இந்தக் காசுக்கு உலகப் புகழ் கிடைத்தது டைபீரியஸால் அன்று. சீசருக்கு வரி கொடுப்பது முறையா என்று எருசலேம் கோயிலில் இயேசுவை மடக்கப் பார்த்தவர்களிடம், ஒரு டெனாரியஸைக் கொண்டுவரச் சொல்லி, இந்த உருவமும் எழுத்தும் யாருடையவை என்று அவர் கேட்டதும், சீசருக்குரியதைச் சீசருக்கும் கடவுளுக்குரியதைக் கடவுளுக்கும் கொடுங்கள் என்று சொன்னதும் நாம் அறிந்தவை. அப்போது சீசராக இருந்தவர் டைபீரியஸ். ஆகவே அந்தக் காசு இதுவே என்று மரபாகச் சொல்லப்படுகிறது. எந்தப் பேரரசரின் காசு என்று நற்செய்தி நூல்கள் பெயர் சொல்லவில்லை. யூதேயாவில் அன்றாடப் புழக்கத்தில் இருந்தவை சிறு செப்புக் காசுகள். கோயில் காணிக்கைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது டயர் நகரத்து வெள்ளி. எனவே அகஸ்டஸின் பழைய காசாகவும் இருந்திருக்கலாம் என்று சிலர் வாதிடுவதில் பொருள் இருக்கிறது. டைபீரியஸின் காசாகவே இருந்திருந்தால், கேள்வி கேட்டவர்கள் 'தெய்வத்தின் மகன்' என்று ஒரு மனிதனைச் சொல்லும் வாசகத்தைக் கோயிலின் எல்லைக்குள்ளேயே தங்கள் கையில் வைத்திருந்தார்கள் என்றாகிறது. அந்த உரையாடலின் கூர்மை அப்போது பல மடங்கு கூடுகிறது.

விவிலியத் தொடர்பால் இந்தக் காசுக்குப் போலிகள் ஏராளம். உண்மையான காசு, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வெள்ளித் துண்டை வைத்துச் சம்மட்டியால் அடித்து உருவாக்கப்பட்டது. அதனால் எழுத்துகளின் ஓரம் கூர்மையாக எழுந்து நிற்கும், உருவம் சற்றே நடு விலகியிருக்கும், விளிம்பில் அடியின் விசையால் சிறு வெடிப்புகள் தெரியும். வார்ப்பில் ஊற்றிய போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடும், பரப்பில் நுண்ணிய குமிழிக் குழிகள் இருக்கும், எழுத்துகள் தேய்ந்த சோப்புக்கட்டியைப் போல வழவழப்பாக இருக்கும். பழங்காலத்திலேயே செப்புத் துண்டுக்கு வெள்ளி போர்த்திய கள்ளக்காசுகளும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க அன்றைய காசு மாற்றுவோர் உளியால் போட்ட சோதனைக் குறிகளைப் பல நல்ல காசுகளிலும் பார்க்கலாம்.

பேரரசின் எல்லைக்கு வெளியே இந்தக் காசு பெற்ற மதிப்பைச் சொல்லாமல் விட முடியாது. கிபி 22இல் ஆட்சிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தில், பெண்கள் விரும்பும் மணிக்கற்களுக்காக நம் பணம் அயல்நாட்டாரிடமும் பகைவரிடமும் போகிறது என்று டைபீரியஸே வருந்தினார். இந்தியா மட்டும் ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸை உறிஞ்சுகிறது என்று அரை நூற்றாண்டு கழித்து ரோம எழுத்தாளர் பிளினி கணக்குச் சொன்னார். முசிறித் துறைக்கு யவனர் கலங்கள் 'பொன்னொடு வந்து கறியொடு (மிளகோடு) பெயரும்' என்று அகநானூறு பாடுவது இதே வணிகத்தின் மறுகரை. தென்னிந்தியாவில், சிறப்பாகக் கொங்கு வட்டாரத்தில், கிடைத்த ரோம வெள்ளிக்காசுப் புதையல்களில் மிகுதியாக இருப்பவை இரண்டே வகை: ஒன்று கையஸும் லூசியஸும் நிற்கும் அகஸ்டஸ் காசு, மற்றொன்று அமர்ந்த பெண்ணைக் காட்டும் டைபீரியஸ் காசு. அகஸ்டஸ் வாரிசாக விரும்பியவர்களும், வேண்டாமலேயே வாரிசாகிவிட்டவரும் ஒரே பானைக்குள் இருக்கிறார்கள். இலத்தீன் படிக்கத் தெரியாத வணிகனுக்கு இந்த அரண்மனைக் கதை எதுவும் தேவைப்படவில்லை. முன்பு வாங்கிய காசும் இப்போது வாங்கும் காசும் ஒன்றுபோல இருந்தன, உரைத்தால் வெள்ளி சரியாக இருந்தது, அதனால் நம்பினான். இந்த இரண்டு காசுகளையும் பார்த்து இந்தியாவிலேயே போன்மைக் காசுகள் செய்யப்பட்டன என்பது அந்த நம்பிக்கையின் அளவைக் காட்டுகிறது.

கிபி 37 மார்ச் 16 அன்று மிசேனத்தில் டைபீரியஸ் இறந்தபோது கருவூலத்தில் 270 கோடி செஸ்டர்ஸ் இருந்தது. அடுத்து வந்த கலிகுலா அதை ஓர் ஆண்டு முடிவதற்குள் கரைத்துவிட்டதாகச் சூடோனியஸ் எழுதுகிறார். ஆட்சிமன்றம் டைபீரியஸைத் தெய்வமாக்கவில்லை. 'தெய்வத்தின் மகன்' என்று காசில் நின்றவர் தாம் தெய்வமாகாமலே போனார். கிபி 64இல் பேரரசர் நீரோ, ஒரு ராத்தல் வெள்ளியிலிருந்து 84 டெனாரியஸ் அடித்த இடத்தில் 96 அடிக்கச் செய்து, தூய்மையையும் 80 விழுக்காடு அளவுக்குக் குறைத்தார். அதன்பிறகு பழைய நல்ல வெள்ளியைச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்? டைபீரியஸின் காசு பேரரசின் சந்தைகளிலிருந்து படிப்படியாக மறைந்தது. மீதியிருந்த தேய்ந்த பழங்காசுகளைப் பின்வந்த பேரரசர் டிராஜன் திரட்டி உருக்கினார். அதே டிராஜன், முந்தைய பேரரசர்களை நினைவுகூர்ந்து மறுவெளியீடு செய்த தங்கக் காசுகளின் வரிசையில் டைபீரியஸுக்கும் ஓர் இடம் கொடுத்தார்.